சென்னைத் தொலைக்காட்சி நிலையம்: சின்னமும் பெயரும் உடைமையும்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. தூர்தர்ஷனின் தமிழ் ஒளிபரப்புக்கு மூலமான இந்நிலையம் இன்று சேப்பாக்கத்தில் சுவாமி சிவானந்தா சாலையில் இயங்கி வருகிறது. டிடி-5, பொதிகை, டிடி தமிழ் என இதன் அலைவரிசை பல பெயர்களைக் கண்டுள்ளது. ஒரு நிலையத்தின் சின்னத்தை அலங்காரம் என்று மட்டும் கருதுவது வழக்கம். அது யாருடைய நிலையம் என்பதையும் சின்னமும் பெயரும் சேர்ந்தே பார்வையாளருக்கு உணர்த்துகின்றன. அவ்வகையில் இந்நிலையத்தின் வரலாற்றை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண் சின்னத்தின் தோற்றம்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை முறையில் தொடங்கியது. அப்போது அது அகில இந்திய வானொலியின் ஒரு பிரிவாகவே இருந்தது. சென்னை நிலையமும் அதே நிர்வாகத்தின் கீழ்தான் பிறந்தது. 1976 ஏப்ரல் 1 அன்று தொலைக்காட்சி வானொலியிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி அமைப்பானது. ஆயினும் உடைமையாளர் மாறவில்லை. தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே இரண்டையும் நடத்தியது.

நாம் நன்கறிந்த கண் சின்னம் இக்காலத்தைச் சேர்ந்தது. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மாணவராக இருந்த தேவாசிஷ் பட்டாச்சார்யா அதை வரைந்தார். நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றி இரு வளைவுகள், இவ்வளவே அதன் உறுப்புகள். வளைவுகள் சுழன்று வந்து கண்ணாக நிலைகொள்ளும்போது பண்டிட் ரவிசங்கர் அமைத்த முகப்பிசை ஒலிக்கும்.

சின்னம் என்ற அளவில் இது சிறந்த படைப்பு. எழுத்தே இல்லாததால் எம்மொழியினருக்கும் புரிந்தது. கறுப்பு வெள்ளைப் பெட்டியிலும் தெளிவாகத் தெரிந்தது. 1982இல் வண்ண ஒளிபரப்பு வந்தபோதும் வடிவம் பழுதாகவில்லை. பெயர் இந்தியில் இருந்தாலும் கண்ணுக்கு மொழி இல்லை. 'ஒளியும் ஒலியும்', 'வயலும் வாழ்வும்' ஆகிய நிகழ்ச்சிகளோடு சேர்ந்து அது தமிழ் வீடுகளில் இயல்பாக இடம்பிடித்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பொதிகை என்னும் பெயர்

1993இல் தூர்தர்ஷன் மாநில மொழிகளுக்கெனச் செயற்கைக்கோள் அலைவரிசைகளைத் தொடங்கியது. தமிழுக்குக் கிடைத்த பெயர் டிடி-5. அது வெறும் எண். அதே ஆண்டு ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கி, போட்டியும் பிறந்தது. பின்னர் இவ்வலைவரிசை 'பொதிகை' எனப் பெயர் பெற்றது. தாமிரபரணி பிறக்கும் மலை அது. அகத்தியரோடும் தமிழோடும் மரபு இணைத்துப் பேசும் மலை. தில்லியில் வரையப்பட்ட அமைப்புக்குள் உள்ளூருக்குரிய ஓர் அடையாளம் கிடைத்தது இப்பெயரால்தான்.

உடைமை மாற்றம்

பிரசார் பாரதி சட்டம் 1990இல் நிறைவேறியது; 1997 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பர் 23 அன்று பிரசார் பாரதி நிறுவப்பட்டு, தூர்தர்ஷனும் வானொலியும் அதன்கீழ் வந்தன. சுதந்திரமாகவும் உண்மையாகவும் நடுநிலையோடும் செய்தி அறியும் குடிமக்களின் உரிமையைக் காப்பது அதன் கடமைகளுள் ஒன்று என்று சட்டத்தின் 12ஆம் பிரிவு கூறுகிறது. அதே சட்டத்தின் 23ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக ஒளிபரப்புக் குறித்து ஆணையிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளிக்கிறது. நிதிக்கும் அரசையே சார்ந்திருக்க வேண்டியுள்ளது. சொத்துகளையும் பணியாளர்களையும் முழுமையாகப் பிரசார் பாரதியிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சாம் பிட்ரோடா குழு 2014இல் பரிந்துரைத்ததே, அதுவரை அது நடக்கவில்லை என்பதற்குச் சான்றாகும்.

2024ஆம் ஆண்டு மாற்றங்கள்

2017இல் புதிய சின்னத்துக்காகத் தூர்தர்ஷன் பொதுமக்களிடையே போட்டி அறிவித்தது. எனினும் கண் நீடித்தது. 2024 ஜனவரி 19 அன்று சென்னையில் பிரதமர் நரேந்திர மோடி புதுப்பிக்கப்பட்ட அலைவரிசையை 'டிடி தமிழ்' என்ற பெயரில் தொடங்கி வைத்தார். பொதிகை என்ற பெயர் விலகியது. மொழியின் பெயரே அலைவரிசையின் பெயராவது உலகெங்கும் உள்ள தமிழருக்கு எளிது என்று இதற்கு ஆதரவாகச் சொல்லலாம். மலையாள அலைவரிசைக்கும் அத்தகைய பெயரே உள்ளது. ஆனால் மராத்தியின் சகயாத்ரி, குஜராத்தியின் கிர்நார், கன்னடத்தின் சந்தனா ஆகியவை அப்போது மாற்றப்படவில்லை. எளிமைதான் காரணம் என்றால் அது எல்லோருக்கும் பொருந்த வேண்டும்.

அதே ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் நேரத்தில், டிடி நியூஸ் சின்னம் சிவப்பிலிருந்து காவியை ஒத்த நிறத்துக்கு மாறியது. தமிழக முதல்வர் மு. க. ஸ்டாலினும் பிரசார் பாரதியின் முன்னாள் தலைமைச் செயல் அலுவலர் ஜவஹர் சிர்காரும் இதைக் கண்டித்தனர். அது ஆரஞ்சு நிறம், பார்வைக்கு எடுப்பாக இருப்பதற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது என நிறுவனம் விளக்கியது. கண் சின்னம் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு நிறங்களில் வந்ததுண்டு. எனவே நிறம் மட்டுமே குற்றமாகாது. வாக்குப்பதிவு தொடங்கச் சில நாள்களே இருந்தபோது, ஒரு கட்சியோடு இணைத்துப் பேசப்படும் நிறத்தைப் பொது நிறுவனம் தவிர்த்திருக்க வேண்டும் என்பதே சரியான விமர்சனம்.

மதிப்பீடு

1997இல் சட்டப்படி உடைமை மாறியது. திரையில் எதுவும் மாறவில்லை. 2024இல் பெயரும் நிறமும் மாறின, உடைமை மாறவில்லை. முதல் மாற்றத்தைப் பார்வையாளர் உணரவே இல்லை. இரண்டாவது மாற்றத்தில் அவர்களுக்குத் தீர்மானிக்கும் பங்கு இல்லை. தனியார் நிறுவனம் தன் சின்னத்தை விரும்பியபடி மாற்றிக்கொள்ளலாம். மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் நிலையத்துக்கு அவ்வுரிமை அப்படியே பொருந்தாது.

சென்னைத் தொலைக்காட்சியில் ஒரு காலத்தில் 'எதிரொலி' என்ற நிகழ்ச்சி வந்தது. நேயர்களின் கடிதங்களைப் படித்து நிலையத்தார் பதில் சொல்வார்கள். குறைகூறும் கடிதங்களுக்கும் அங்கே இடமுண்டு. பெயர் மாற்றமும் நிற மாற்றமும் அப்படி ஒரு கேள்வி-பதிலுக்குப் பின் நடந்திருந்தால், இன்று எழுந்துள்ள ஐயங்களில் பாதி எழுந்திருக்காது.