படிவத்தில் இல்லாத பங்காளி

ஆய்வு நல்கைக்கான விண்ணப்பப் படிவத்தை ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்றால் நம் நண்பர்கள் பலர் சிரிக்கக்கூடும். ஆனால் கவிதைக்கும் கட்டுரைக்கும் வாய்க்காத கவனத்தோடு, ஒரு சொல் பிசகினால் மூன்று வருஷ வேலை போச்சு என்ற பயத்தோடு நம் பல்கலைக்கழகங்களில் எழுதப்படும் எழுத்து இதுதான். எதை அறிவு என்று எண்ணலாம், எதை எண்ண வேண்டாம் என்று தீர்மானிக்கும் எழுத்தும் இதுவே. பொறியியல், வேதியியல் துறை நண்பர்கள் சிலரோடு உட்கார்ந்து இத்தகைய படிவங்களை வரிவரியாகப் படித்திருக்கிறேன். அந்த வாசிப்பிலிருந்து சில விஷயங்களை இங்கே முன்வைக்கிறேன்.

தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு இதில் என்ன வேலை? கேள்வி நியாயமானது. பதிலை அரசே சட்டமாக்கியிருக்கிறது. 2023இல் நிறைவேறிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம் இயற்கை அறிவியல், பொறியியல், சுற்றுச்சூழல், மருத்துவம், வேளாண்மை ஆகியவற்றை முழுமையாக எடுத்துக்கொள்கிறது. மானுடப் புலங்களும் சமூக அறிவியலும் அறிவியலோடும் தொழில்நுட்பத்தோடும் உரசிக்கொள்ளும் இடத்தில் மட்டும் உள்ளே வரலாம். அந்த உரசும் இடத்தில் நின்றுதான் பேசுகிறேன்.

இந்த அறக்கட்டளைக்கு 2023 முதல் 2028 வரை 50,000 கோடி ரூபாய் என்று கணக்குச் சொல்லப்பட்டது. அதில் அரசின் பங்கு 14,000 கோடி. மிச்சம் 36,000 கோடி தொழில் நிறுவனங்கள், பொதுத்துறை, கொடையாளர்கள் ஆகியோரிடமிருந்து வரும் என்றார்கள். 2025 ஜூலை 1 அன்று 1 லட்சம் கோடி ரூபாயில் இன்னொரு திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அது தனியார் துறையின் ஆய்வுக்கு வட்டியில்லாமலோ குறைந்த வட்டியிலோ நீண்டகாலத்துக்குப் பணம் தரும் திட்டம். இதற்கு முன்பே, 2015இன் 'உச்சதர் ஆவிஷ்கார் யோஜனா'வில், கல்வி அமைச்சகம் பாதி, இன்னொரு அமைச்சகம் கால், தொழில் நிறுவனம் கால் என்று பங்கு பிரித்திருந்தார்கள். திட்டங்களின் பெயர் மாறுகிறது. 'கூட்டாளியைக் கொண்டு வா' என்கிற குரல் மட்டும் மாறுவதில்லை.

தொழில்துறையோடு சேர்ந்து ஆய்வு செய்வது தாராளமயம் இறக்கிய புதுச்சரக்கு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1948இல் சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. 1956இல் கோவையில் ஜவுளி ஆலைகளின் கூட்டு முயற்சியாகச் 'சிட்ரா' வந்தது. எனவே 'கம்பெனி வந்தான், அறிவு கெட்டது' என்ற எளிய கதையாடல் நமக்கு உதவாது. கேட்க வேண்டியது வேறு: கூட்டு என்றால் யார் யார்?

படிவத்துக்கு வருவோம். தலைப்பு, சுருக்கம், நோக்கங்கள், காலஅட்டவணை, வரவுசெலவு எல்லாம் வழக்கமானவை. இவற்றுக்கு நடுவில் மூன்று பகுதிகள் உண்டு. இந்தப் பிரதியின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

முதலாவது, தொழில்நுட்பத் தயார்நிலை. ஆய்வு எந்தப் படியில் நிற்கிறது என்று 1 முதல் 9 வரை ஓர் எண் போட வேண்டும். விண்வெளிக் கருவிகளுக்காக நாசா செய்த ஏணி இது. மேலே சொன்ன 1 லட்சம் கோடித் திட்டம் 4ஆம் படிக்குக் கீழே இருப்பதைத் தொடுவதில்லை. ஏறிக்கொண்டே போகும் ஏணி இது. 'இந்த வழி தப்பு, இறங்கிடலாம்' என்று சொல்ல இதில் படியே கிடையாது.

இரண்டாவது, கூட்டாளியின் கடிதம். நிறுவனம் தன் லெட்டர்பேடில் தன் ஆர்வத்தையும் பங்களிப்பையும் உறுதிசெய்து தர வேண்டும். நான் பார்த்தவரை அந்தக் கடிதத்தின் வரைவை எழுதியவர் பேராசிரியர்தான். நிறுவனம் கையெழுத்துப் போட்டது. தன்னை வியந்து பிறர் சொல்வதாகத் தானே எழுதி வாங்குகிற இந்த எழுத்தில் 'ஆசிரியர்' யார் என்று கேட்டால் ஃபூக்கோவே கொஞ்சம் திணறியிருப்பார்.

மூன்றாவதுதான் முக்கியம்: பங்களிப்பு. கூட்டாளி பணமாகத் தரலாம், பல திட்டங்களில் பொருளாகவும் தரலாம். பொருள் என்றால் எந்திர நேரம், மூலப்பொருள், பொறியாளரின் உழைப்பு நேரம். எல்லாவற்றுக்கும் ரூபாய்க் கணக்கு உண்டு.

இந்தக் கட்டத்தைப் பாலாற்றங்கரையில் வைத்துப் பார்ப்போம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, தெற்கே திண்டுக்கல் ஆகியவை தோல் பதனிடும் ஊர்கள். 1996 ஆகஸ்டில் வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. அதில் பதிவான இரண்டு கணக்குகளைப் பாருங்கள். தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுக்கவோ சாகுபடிக்கு ஆகாமல் போனது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் 467 கிணறுகளில் 350 கெட்டுப்போனது. முதல் கணக்கைத் தந்தது வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மையம். இரண்டாவதைத் தந்தது ஒரு தன்னார்வ அமைப்பு.

இப்போது கேட்கிறேன். அந்த 467 கிணறுகளை எண்ணும் ஆய்வுக்கு இன்று ஒருவர் கூட்டு நல்கை கேட்டு விண்ணப்பித்தால் எந்தத் தோல் ஷாப் முதலாளி கடிதம் தருவார்? தயார்நிலை எண் எத்தனை போடுவது? குரோமியத்தைக் குறைத்துத் தோல் பதனிடுவது எப்படி என்ற ஆய்வுக்குக் கூட்டாளி கிடைப்பார். அது தேவையான ஆய்வு, அதில் உழைத்தவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது முதலாளியும் கேட்கக்கூடிய கேள்வி. 'என் கிணறு என்னாச்சு?' என்பது விவசாயி மட்டுமே கேட்கிற கேள்வி. படிவம் யாருடைய விடையையும் தடைசெய்வதில்லை. சில கேள்விகள் பிறக்கவே முடியாதபடி செய்துவிடுகிறது, அவ்வளவுதான். தணிக்கை என்ற சொல்கூட இதற்குப் பொருந்தாது. தணிக்கைக்கு முதலில் ஒரு பிரதி இருந்தாக வேண்டுமே.

நிலமும் நீரும் தந்தவர் பங்களிப்பு எந்தக் கட்டத்தில் வரும்? டி. செல்வராஜின் 'தோல்' நாவல் திண்டுக்கல் தோல் தொழிலாளர்களைப் பற்றியது. சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்த நாவலுக்குள் வர முடிந்த மனிதர்கள் இந்தப் படிவத்துக்குள் வர முடியவில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். பொறியாளரின் ஒரு மணி நேரத்துக்கு விலை போடத் தெரிந்த கணக்கில் இந்த உடல்கள் எந்த இனம்? 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் வேலூர்த் தோல் கழிவு பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு கொடு, மாசுபடுத்தியவரிடம் வசூலி என்று. 28 வருஷத்துக்கும் மேல்.

தமிழில் 'பங்காளி' என்ற சொல்லுக்கு இரண்டு முகம். சேர்ந்து செய்பவனும் பங்காளி, பாகம் கேட்டு வாசலில் நிற்பவனும் பங்காளி. படிவத்துக்கு முதல் பங்காளியை மட்டும்தான் தெரியும்.

லியோதாரின் 'பின்நவீனத்துவ நிலை'யை (1979) நாம் இங்கே எத்தனை கூட்டங்களில் விவாதித்தோம்! அது கியூபெக் அரசின் பல்கலைக்கழகக் கவுன்சில் கேட்டு எழுதப்பட்ட அறிக்கை என்பது விவாதத்தில் அடிக்கடி நழுவிப்போனது. அறிவைப் பார்த்து 'உண்மையா?' என்று கேட்டது போய் 'பயன் என்ன, விலை போகுமா?' என்று கேட்கும் நிலை வருகிறது என்று அதில் அவர் சொன்னார். அரசு நல்கை வாங்கிக்கொண்டே அரசு நல்கையின் தர்க்கத்தைப் பிளந்து காட்ட முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. சங்கப் பெருமை பேசுவதற்காக இல்லை, இருந்தாலும் பெருஞ்சித்திரனாரும் நினைவுக்கு வருகிறார். தன்னைக் காணாமலே அதியமான் கொடுத்தனுப்பிய பரிசிலை வேண்டாம் என்றவர் அவர். பரிசில் கேட்கும் மரபுக்குள்ளேயே மறுக்கும் துறையும் இருந்தது. நம் படிவத்தில் அது இல்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. இந்தியா ஆய்வுக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதம்தான் (2020-21). அதிலும் தனியார் தொழில்துறையின் பங்கு ஏறத்தாழ 36 சதவீதமே. முதலாளிகள் காசு போடட்டுமே, ஏன் தடுக்கிறாய் என்பார்கள். நான் தடுக்கவில்லை. காசு வாங்குங்க, நிறைய வாங்குங்க. ஆனால் காசு வாங்குவதும் கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கையில் கொடுப்பதும் வேறு வேறு. வரியாகவோ தீர்வையாகவோ பொதுநிதிக்கு வந்த காசுக்குக் கேள்வி கேட்கும் வாய் கிடையாது. திட்டத்துக்குத் திட்டம் கூட்டாளியாக வரும் காசுக்கு வாய் உண்டு.

ஆகவே கோரிக்கைகள் மூன்று. கூட்டு ஆய்வுக்கு ஒதுக்கும் பொதுப்பணத்தில் ஒரு பகுதி, தொழிலால் பாதிக்கப்படுவோர் எழுப்பும் கேள்விகளுக்கு, எந்த நிறுவனத்தின் கடிதமும் கேட்காமல் ஒதுக்கப்பட வேண்டும். ஊராட்சியும் தொழிற்சங்கமும் விவசாயிகள் சங்கமும் கூட்டாளியாகக் கையெழுத்துப் போட இடம் வேண்டும். அவர்களது கிணறும் உழைப்பும் அனுபவ அறிவும் பொருளாகத் தந்த பங்களிப்பு என்று எண்ணப்பட வேண்டும். பொதுப்பணம் ஒரு ரூபாய் கலந்திருந்தாலும் ஒப்பந்தமும் முடிவும், பாதகமான முடிவு உட்பட, வெளியிடப்பட வேண்டும்.

பல்கலைக்கழகத்தில் இருக்கும் தோழர்கள் இதையெல்லாம் அரசு செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த விண்ணப்பத்தில் கூட்டாளியின் பெயருக்குக் கீழே, கட்டம் இல்லாவிட்டாலும், ஒரு கிராமத்தின் பெயரை எழுதுங்கள். நிராகரிப்பார்கள். நிராகரித்ததற்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விவாதத்தை நாம் தொடங்குவதற்கு அந்தக் காகிதம் போதும்.