அலர் இல்லாத ஊரில் ஒரு களவு: ‘ஷல் வி டான்ஸ்?’ மறுஆக்கமும் அதன் விமர்சனமும்

மசாயுகி சுவோவின் ‘ஷல் வி டான்ஸ்?’ (1996) என்னும் ஜப்பானியப் படத்தைப் பீட்டர் செல்சம் 2004இல் ஹாலிவுட்டில் மறுஆக்கம் செய்தார். அதன்மீது வைக்கப்படும் முதன்மைக் குறை இது: கணவனும் மனைவியும் பொதுவிடத்தில் கைகோக்கவே கூசும் சமூகத்தில் இணைநடனம் ஒளிக்கத்தக்கது, சிகாகோவில் அதனை ஒளிப்பானேன்? அகமரபின் சொல்லில் கூறின், மூலப்படத்தை நகர்த்துவது அலரச்சம். (தமிழ் ஆய்வாளர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை.)

இக்குறை பாதியளவே பொருந்தும். ரிச்சர்ட் கியர் ஏற்ற வழக்கறிஞர் ஊருக்கு அஞ்சவில்லை. எல்லாம் வாய்த்திருந்தும் மனம் நிறையவில்லை என்பதை மனைவியிடம் சொல்லவே கூசுகிறார். நாணம் தெருவிலிருந்து இல்லத்திற்குள் இடம்பெயர்கிறது. அதனாலேயே சூசன் சரண்டன் ஏற்ற மனைவி பாத்திரம் கனம் பெறுகிறது. ஒற்றை ரோஜாவுடன் கணவர் அவளது பணியிடத்திற்கே வரும் காட்சி மூலத்தில் இல்லை. மறுஆக்கத்தின் தருக்கம் அதனை வேண்டி நிற்கிறது. மூலத்தோடு ஒப்பிட்டுக் குறைந்ததை மட்டும் எண்ணும் திறனாய்வுக்கு இப்புதுவரவு புலப்படாது.

படம் சறுக்குவது வேறிடத்தில். தாமியோ குசகாரி தொழில்முறை பாலே கலைஞர்; நடன ஆசிரியையின் தோல்வித் துயரை முதுகின் விறைப்பிலேயே அவர் உணர்த்திவிட்டார். ஜெனிஃபர் லோபஸோ அரங்கில் நுழையும்போதே நட்சத்திரமாக நுழைகிறார்.