25 ரூபாயில் தொடங்காத கோடு

நேர்கோட்டு வரைபடத்தைப் படிக்க இரண்டு எண்கள் போதும். கோடு செங்குத்து அச்சை எங்கே வெட்டுகிறது என்பது ஒன்று. கிடைமட்டத்தில் ஓர் அலகு நகரும்போது கோடு எவ்வளவு ஏறுகிறது அல்லது இறங்குகிறது என்பது மற்றொன்று. முன்னது வெட்டுத்துண்டு, பின்னது சாய்வு. நடைமுறைக் கணக்குகளில் முன்னதைத் தொடக்க மதிப்பாகவும் பின்னதை மாறும் வீதமாகவும் படிக்கப் பள்ளிகள் பழக்குகின்றன. சுமையில்லாத சுருள்வில்லின் நீளம் 20 செ.மீ.; தொங்கவிடும் ஒவ்வொரு 100 கிராமுக்கும் 2 செ.மீ. நீள்கிறது என்றால் கோடு 20-இல் கிளம்பிச் சீராக ஏறும். இங்கே வெட்டுத்துண்டு அளவுகோலால் அளந்து பார்க்கக்கூடிய உண்மையான நீளம்.

இந்தப் பழக்கத்தின் பெரும்பயன், நேர்கோடு என்றாலே நேர்விகிதம் என்ற எண்ணத்தை அது தகர்ப்பதுதான். வாடகை வேன் ஒன்றுக்கு ஓட்டுநர் பேட்டா 400 ரூபாய், கிலோமீட்டருக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 100 கி.மீ.க்கு 2,400 ரூபாய் ஆகும். தூரம் இரட்டித்தால் வாடகை 4,800 ஆகாது, 4,400தான். இன்னொருவர் பேட்டா 1,000, கிலோமீட்டருக்கு 15 என்று கேட்டால் இரண்டு கோடுகளும் 120 கி.மீ.யில், 2,800 ரூபாயில் வெட்டிக்கொள்ளும். அதற்குக் குறைந்த பயணத்துக்கு முதல் வேன், கூடிய பயணத்துக்கு இரண்டாவது வேன் என்ற முடிவு ஒரே பார்வையில் கிடைத்துவிடுகிறது. ரயில்வே கட்டுப்பாட்டு அறைகளின் வரைபடமும் இதே வகைதான். கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் நிலையங்கள்; ஒவ்வொரு ரயிலும் ஒரு சாய்கோடு. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் இரு கோடுகள் வெட்டும் இடம் ஒரு நிலையமாக இருந்தாக வேண்டும். கிராசிங்கை அங்கே வைக்கிறார்கள்.

ஆனால் வெட்டுத்துண்டு என்றால் தொடக்க மதிப்பு என்று மனப்பாடமாகிப் போவதில்தான் சிக்கல் பிறக்கிறது. தமிழ்நாடு அரசு 2013-இல் சென்னை ஆட்டோக்களுக்கு நிர்ணயித்த கட்டணம் இதற்கு நல்ல சான்று. முதல் 1.8 கி.மீ.க்குக் குறைந்தபட்சம் 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். இதைப் பார்த்தவுடன் தொடக்க மதிப்பு 25, சாய்வு 12 என்று எழுதத் தோன்றும். அப்படி எழுதினால் 5 கி.மீ. பயணத்துக்கு 85 ரூபாய் வரும். உண்மையில் 12 ரூபாய் வீதம் கடைசி 3.2 கி.மீ.க்கு மட்டுமே என்பதால் கட்டணம் 63 ரூபாய் 40 காசு. வரைபடம் 1.8 கி.மீ. வரை 25-இல் மட்டமாகக் கிடக்கிறது. பிறகுதான் சாய்ந்து ஏறுகிறது. அந்தச் சாய்ந்த பகுதியைப் பின்னோக்கி நீட்டினால் அது அச்சை வெட்டுவது 3 ரூபாய் 40 காசில். அந்தத் தொகையை எந்தப் பயணியும் கொடுப்பதில்லை, எந்த ஓட்டுநரும் கேட்பதில்லை. கணக்குக்கு அது வெட்டுத்துண்டு; தெருவில் அதற்குப் பொருளே கிடையாது. குறைந்தபட்சக் கட்டணம் வேறு, நிலையான கட்டணம் வேறு என்ற இந்த வேறுபாட்டைப் பயிற்சிக் கணக்குகள் சொல்லாமல் கடந்துவிடுவது சிறிய குறையல்ல.

கோட்டை அது செல்லுபடியாகும் எல்லைக்கு வெளியே நீட்டுவதும் இதே தவறின் மறுபக்கம். தொட்டியின் அடித்துளை வழியே வடியும் நீரை இறங்குகோடாக வரையும் கணக்கு பரவலாகப் புழங்குகிறது. பம்பு வைத்துச் சீராக இறைத்தால் அது சரி. துளை வழியே தானாக வடியும் நீரின் வேகமோ, நீர்மட்டம் தாழத் தாழக் குறைந்துகொண்டே போகும். நேர்ச்சுவர்த் தொட்டி ஒன்றில் முதல் சில நிமிடங்களின் சாய்வை வைத்து நேர்கோடு போட்டால், இந்தக் குறைவை விவரிக்கும் டாரிசெல்லி விதிப்படி தொட்டி காலியாக உண்மையில் ஆகும் நேரத்தில் பாதியைத்தான் அந்தக் கோடு காட்டும்.

நீட்டுவதே தவறு என்று தடை போட்டுவிடவும் முடியாது. மாறா அழுத்தத்தில் வாயுவின் பருமனும் வெப்பநிலையும் நேர்கோட்டில் அமைகின்றன. அந்தக் கோட்டைப் பருமன் பூச்சியமாகும் வரை இடப்புறம் நீட்டினால் ஏறத்தாழ மைனஸ் 273 டிகிரி செல்சியஸ் கிடைக்கிறது. எந்த வாயுவும் அங்கே வாயுவாக இருப்பதில்லை; நைட்ரஜன் மைனஸ் 196-லேயே திரவமாகிவிடும். ஆனாலும் தனிப்பூச்சியம் என்ற கருத்துக்கு வழிகாட்டியது அந்த நீட்சிதான். ஆட்டோ கட்டணத்தின் 3 ரூபாய் 40 காசுக்கு இல்லாத மதிப்பு இந்த எண்ணுக்கு எப்படி வந்தது? பல வாயுக்களின் கோடுகளும் ஒரே புள்ளியை நோக்கிப் போயின. அதற்கு இயற்பியல் காரணமும் இருந்தது. வரைபடத்தை மட்டும் வைத்து இவ்விரண்டு நீட்சிகளையும் பிரித்தறிய இயலாது.

தொடக்கம் என்ற சொல்லே சில இடங்களில் ஏமாற்றும். ஹவாயின் மௌனா லோவா நிலையத்தில் காற்றின் கார்பன் டை ஆக்சைடு 1958 முதல் அளக்கப்படுகிறது. அப்போது அது பத்து லட்சத்தில் 315 பங்கு அளவில் இருந்தது. அந்த 315 அளவீட்டின் தொடக்கமே தவிர உயர்வின் தொடக்கமல்ல. தொழிற்புரட்சிக்கு முன் அளவு 280-ஐ ஒட்டியிருந்தது. சாய்வும் நிலைத்திருக்கவில்லை. 1960-களில் ஆண்டுக்கு ஒரு பங்குக்கும் குறைவாக ஏறியது, 2010-களில் இரண்டு பங்குக்கு மேல் ஏறியது. முதல் பத்தாண்டைக் கொண்டு நேர்கோடு போட்டவருக்கு 2024-இல் சுமார் 370 கிடைத்திருக்கும். உண்மை அளவு 420-ஐத் தாண்டிவிட்டது. இத்தகைய படங்களில் செங்குத்து அச்சு பெரும்பாலும் பூச்சியத்தில் தொடங்காது என்பதையும் கவனிக்க வேண்டும். கோடு தரையிலிருந்து எழுவதுபோல் தோன்றுவது வரைந்தவர் அச்சை வெட்டிய இடத்தால்தான்.

உயரத்தையும் சாய்வையும் குழப்பிக்கொள்வது மற்றொரு பழைய நோய். தூர–நேர வரைபடத்தில் இரண்டு பொருள்களில் எது வேகமானது என்று கேட்டால், மேலே இருக்கும் கோட்டைக் காட்டும் மாணவர்கள் உண்டு. லில்லியன் மெக்டெர்மட்டும் உடன் ஆய்வாளர்களும் 1987-இல் வெளியிட்ட கட்டுரை, கல்லூரி இயற்பியல் மாணவர்களிடமே இதைப் பதிவு செய்தது. தொடக்க மதிப்பு அதிகமுள்ள கோடு நெடுநேரம் மேலேயே இருப்பதால் இந்தக் குழப்பம் இன்னும் கூடுகிறது.

இத்தனை குறைகளுக்காக இந்தப் பயிற்சியைக் கைவிடத் தேவையில்லை. மாற்ற வேண்டியது வினாக்களை. வெட்டுத்துண்டு எவ்வளவு, சாய்வு எவ்வளவு என்று கேட்டு நிறுத்தும் தாள் கணக்கீட்டை மட்டுமே சோதிக்கிறது. இந்தக் கோடு எந்த மதிப்பிலிருந்து எந்த மதிப்பு வரை பொருந்தும், வெட்டுத்துண்டுக்கு இங்கே பொருள் உண்டா என்ற இரு கேள்விகளையும் சேர்த்து, அவற்றுக்கும் மதிப்பெண் ஒதுக்குவது பாடநூல் எழுதுவோரும் வினாத்தாள் அமைப்போரும் உடனே செய்யக்கூடியது.