இராவணேசன்: மௌனகுருவின் நீண்ட ஆட்டம்

சி. மௌனகுரு மட்டக்களப்புச் சீலாமுனையில் 1943இல் பிறந்தவர். பேராதனைப் பல்கலைக்கழக மாணவராக இருந்தபோதே கூத்து மேடையில் கால் பதித்துவிட்டார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1956இல், எதிரிவீர சரச்சந்திர 'மனமே' மூலம் சிங்கள நாடகம வடிவத்துக்குப் புத்துயிர் ஊட்டியிருந்தார். அந்த வடிவத்தின் வேர் தமிழ்க் கூத்து. புத்தளக் கரையிலிருந்து சிலாபம், நீர்கொழும்பு என நீளும் மேற்குக் கரையின் கத்தோலிக்க ஊர்கள் இந்தத் தமிழ்-சிங்களக் கொடுக்கல் வாங்கலுக்கு முக்கியக் களமாயின. தமிழிலும் அப்படியொரு மீட்பு வேண்டும் என்று பேராசிரியர் சு. வித்தியானந்தன் முனைந்தார். கர்ணன் போர் (1962), நொண்டி நாடகம் (1963), இராவணேசன், வாலி வதை (1968) ஆகியவை அந்த முயற்சியின் விளைச்சல். இராவணேசனை எழுதி, இராவணனாக ஆடியவர் மௌனகுரு.

ஊரில் கூத்து விடிய விடிய நடக்கும். வட்டக்களரியின் நடுவே மத்தளத்தோடு கூத்தைப் பயிற்றுவித்த அண்ணாவியார் நிற்க, கூத்தர் அவரைச் சுற்றி வந்து நாலாபக்கமும் இருப்போருக்கு முகம் காட்டி ஆடுவார். பல்கலைக்கழக மேடையில் பார்வையாளர் ஒரே பக்கம். அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் ஓரத்துக்கு நகர்ந்தார்கள், இரவு முழுவதும் நீண்ட கதை சில மணி நேரத்துக்குள் சுருங்கியது. தாளக்கட்டு மட்டும் கைவிடப்படவில்லை. வடமோடிக் கூத்தின் வீறு அந்த அடிகளில்தான் இருக்கிறது. வரவு ஆட்டத்திலேயே பாத்திரத்தின் குணம் தெரிந்துவிட வேண்டும். பாட்டு அதன் பிறகுதான். சலங்கையொலி மத்தளத்தோடு ஒரு நொடி பிசகினாலும் மன்னனின் கம்பீரம் போய்விடும். படித்த நடிகர்கள் நாட்டு அண்ணாவிமாரிடம் பழக வேண்டியிருந்ததன் காரணம் இதுவே.

தொடர்ந்து மௌனகுரு, சாதி ஒடுக்குமுறைக்கும் வர்க்கச் சுரண்டலுக்கும் எதிரான 'சங்காரம்' (1969) மூலம் கூத்தின் ஆட்டத்தைச் சமகாலப் பொருளுக்குக் கொண்டுவந்தார். யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த காலத்தில் 'தப்பி வந்த தாடி ஆடு' போன்ற சிறுவர் நாடகங்களும் பிறந்தன. மட்டக்களப்பு மரபுவழி நாடகங்கள் பற்றிய முனைவர் பட்ட ஆய்வும் அங்கேதான் முடிந்தது.

அவர் வாழ்க்கையின் கனமான பகுதி தொண்ணூறுகளில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. போர் நடந்த மண்ணில், மாணவர்களைக் கொண்டு இராவணேசனை மறுபடி எடுத்தார். ஒருகாலத்தில் தன் உடலால் ஆடிய இராவணனை இப்போது இளைஞர் உடல்களுக்குக் கற்றுக்கொடுத்தார். மண்டோதரிக்கு இம்முறை அழுத்தமான இடம் கிடைத்தது. போருக்குப் புறப்படும் கணவனை மறிக்கும் அவள் குரலுக்கு, பிள்ளைகளை இழந்த தாய்மார் வாழும் ஊரில் வேறொரு கனம் உண்டு. ஒரே நாடகத்தைத் திரும்பத் திரும்ப எடுத்தது இவருடைய பலம். ஒவ்வொரு தயாரிப்பும் முந்தியதைத் திருத்தியது.

எதிர்ப்பும் வந்தது. கூத்தைச் செம்மையாக்கி மேடையேற்றினால் அது ஊராரிடமிருந்து பிரிந்துவிடும் என்ற வாதத்தோடு, சி. ஜெயசங்கர் அதே சீலாமுனையில் ஊர் மக்களோடு கூத்து மீளுருவாக்கத்தைத் தொடங்கினார். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. களரியை விட்டு வந்த கூத்து அதன் சடங்கையும் விடியற்காலையையும் இழந்தது மெய். ஆனால் மேடைக்கு வராதிருந்தால் நகரத்துத் தமிழர் பலர் அதன் தாளத்தைக் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

ஓய்வுக்குப் பிறகு மௌனகுரு மட்டக்களப்பில் அரங்க ஆய்வுகூடத்தை நிறுவினார். 'காண்டவ தகனம்' அங்கு பயின்ற இளையோரோடு அவர் உருவாக்கிய ஆற்றுகை.