பழைய காருக்குள் புது நரம்பு

1969 ஷெவ்ரலே கமாரோவின் பானெட்டைத் திறந்தால், எஞ்சினுக்குப் போகும் வயர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்: ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், காயில், சூடு காட்ட ஒன்று, ஆயில் பிரஷர் காட்ட ஒன்று. 1997 கார்வெட்டோடு வந்த எல்எஸ்1 எஞ்சினோ எட்டு காயில், எட்டு இன்ஜெக்டர், மேலே அதிகாரம் செய்ய ஒரு கம்ப்யூட்டர் என்று கூட்டுக் குடும்பமாகவே வந்து இறங்குகிறது. அமெரிக்க வொர்க்‌ஷாப்களில் அந்தப் பழைய காரில் இந்தப் புது எஞ்சினைப் பொருத்தி, இரண்டுக்கும் முடிச்சுப் போடுகிறவரின் கைவேலையைத்தான் ரசிக்கிறேன்.

முதல் வேலை கழிப்பது. புது எஞ்சினோடு வந்த வயர் கட்டை மேசையில் பரப்பி, டேப்பை உரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி ஒட்டி, பழைய காருக்கு வேண்டாத இழைகளை உருவி எடுக்கிறார்.

அடுத்தது கரண்ட். பழைய காரில் காயிலுக்குப் போகும் வயரே ஒரு ரெசிஸ்டர். வோல்ட்டைக் குறைத்துத்தான் அனுப்பும். அதில் கம்ப்யூட்டரை மாட்டினால் அரைப் பட்டினிதான். கைதேர்ந்தவர் முழு 12 வோல்ட் வரும் முனையைத் தேடுவார். சாவியை ஸ்டார்ட் வரை திருப்பும்போதும் அது உயிரோடு இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பார். எர்த் வயரை, பெயின்டைச் சுரண்டிப் பளபளக்கும் இரும்பில்தான் இறுக்குவார். கம்ப்யூட்டரில் இருக்கும் திருட்டுத் தடுப்பை மென்பொருளில் நீக்கவும் மறக்க மாட்டார். மறந்தால், தன்னை யாரோ திருடிவிட்டதாக நினைத்து எஞ்சின் பெட்ரோலை நிறுத்திக்கொள்ளும்.

எல்லாம் முடிந்து பானெட்டைத் திறக்கும்போது வயர் கண்ணில் படவில்லையென்றால், வேலை சுத்தம்.