அபூர்வ ராகங்கள்: விடுகதைக்குள் மறைந்த வினா

பெருந்திணைக்கு உரியனவாகத் தொல்காப்பியர் கூறுவனவற்றுள் ஒன்று இளமைதீர் திறம். தலைவனின் அகவை மிக்கிருப்பினும் தலைவியின் அகவை மிக்கிருப்பினும் இரண்டையும் அதன்பாற் படுத்துவர் உரையாசிரியர். இலக்கணம் இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்தது. சமுதாயமோ அவ்வாறு வைக்கவில்லை. மூத்த ஆடவன் இளம்பெண்ணை மணப்பதைப் பொறுத்துக்கொண்ட ஊர், மூத்த பெண்ணை இளைஞன் விரும்புவதைப் பொறுத்துக்கொண்டதில்லை. இந்த ஓரவஞ்சனையைத் தமிழ்த் திரையில் நேர்நிறுத்திக் காட்டிய படம், கே. பாலசந்தர் இயக்கி 1975இல் வெளிவந்த ‘அபூர்வ ராகங்கள்’.

தந்தையுடன் முரண்பட்டு வீட்டைவிட்டு வெளியேறிய பிரசன்னா, அடிபட்டுக் கிடந்த நிலையில் பைரவி என்னும் இசைக்கலைஞரின் இல்லத்தில் அடைக்கலம் பெறுகிறான்; தன்னிலும் மூத்த அப்பெண்ணைக் காதலிக்கிறான். தாயுடன் பிணங்கி வெளியேறிய ரஞ்சனியோ, மனைவியை இழந்த மகேந்திரனை அடைந்து அவரையே மணக்க விழைகிறாள். மகேந்திரன் பிரசன்னாவின் தந்தை. ரஞ்சனி பைரவியின் மகள். இருமணங்களும் நிகழ்ந்தால் யார் யாருக்கு என்ன முறை? விக்கிரமாதித்தனை வாய்மூடச் செய்த வேதாளத்தின் புதிர் இது. படத்திலும் அது விடுகதையாகவே இடம்பெறுகிறது.

இக்கட்டமைப்பின் நன்மை வெளிப்படை. ஆணின் முதுமையும் பெண்ணின் முதுமையும் அருகருகே நிற்பதால், ஒன்றைப் பொறுத்து மற்றொன்றை வெறுக்கும் தன் மனத்தைப் பார்ப்பவர் தாமே காண நேர்கிறது. வாதம் செய்யாமலே கதை வாதத்தை நிறுவிவிடுகிறது.

ஆயின், இதே கட்டமைப்புதான் படத்தின் குறைக்கும் காரணமாகிறது. பிரிந்துபோன கணவன் பாண்டியன், தீராத நோயுடன் திரும்பி வருகிறான். ரஜினிகாந்த் திரையில் அறிமுகமான பாத்திரம் இது. பாண்டியனோ பகைவனாக நிற்கவில்லை; பைரவியும் பிரசன்னாவும் இணைய வேண்டும் என்றே விரும்பி, இறுதிக் கச்சேரியின்போது உயிர் விடுகிறான். கணவன் என்னும் தடை அத்துடன் நீங்குகிறது. எனினும் காதலர் இணையவில்லை. மகள் தாயிடமும் மகன் தந்தையிடமும் திரும்புகின்றனர். அவர்களைத் தடுத்தது எது? அகவையன்று, உறவுமுறைச் சிக்கலே. ரஞ்சனி வேறொருவரின் மகளாக இருந்திருப்பின் பைரவியும் பிரசன்னாவும் மணந்திருக்கலாமா என்னும் வினாவைப் படம் எதிர்கொள்ளவே இல்லை. அகவையைப் பற்றித் தொடங்கிய வழக்கு, முறையைப் பற்றிய தீர்ப்புடன் முடிகிறது. முறை மாறிய மணத்தை மறுப்பதில் எவருக்கும் தயக்கம் இராது. ஆகவே, தம் ஓரவஞ்சனையைக் கண்டு சற்றே கலங்கிய அவையோர், அதனை மாற்றிக்கொள்ளாமலே நிம்மதியுடன் வீடு திரும்ப முடிகிறது.

நடிகர் தேர்விலும் இவ்விரு தன்மைகளைக் காணலாம். பைரவியாக நடித்த ஸ்ரீவித்யா 1953இல் பிறந்தவர். பிரசன்னாவாக நடித்த கமல்ஹாசன் 1954இல் பிறந்தவர். மகளாக வந்த ஜெயசுதா, தாயாக நடித்தவருக்கு ஐந்தாண்டே இளையவர். வளர்ந்த மகளையுடைய பெண்ணின் முகத்தில் உண்மையில் படிந்திருக்கும் காலத்தின் சுவடுகளை அவையோர் காண நேரவில்லை. அகவை வேறுபாடு உரையாடலில் இருக்கிறது; கண்ணுக்கு உறுத்துவதாக இல்லை. இது துணிவைச் சற்றே தணித்த தேர்வாகும். எனினும், இருபத்திரண்டு வயதில் ஸ்ரீவித்யா காட்டிய அடக்கமும் நிதானமும் அக்குறையைப் பெரிதும் மறைக்கின்றன. கருநாடக இசைக்கலைஞர் எம். எல். வசந்தகுமாரியின் மகளான அவருக்கு, பாடகியின் அமர்வும் பார்வையும் இயல்பாகவே வாய்த்திருந்தன.

இசையே இப்படத்தின் உண்மையான வலிமை. எம். எஸ். விசுவநாதன் இசையமைக்க, பாடல்களைக் கண்ணதாசன் எழுதினார். ‘ஏழு ஸ்வரங்களுக்குள்’ என்னும் பாடலுக்காக வாணி ஜெயராம் தேசிய விருது பெற்றார். பைரவி என்னும் பெயரும் பொருளுடையது. பைரவி இராகத்தின் ஏறுவரிசையில் ஒரு தைவதமும் இறங்குவரிசையில் வேறொரு தைவதமும் வரும். தாய் இராகத்திற்கு அயலான சுரம் ஒன்று அதனுள் இடம்பெற்றும் இராகம் கெடுவதில்லை. அதனாலேயே தனியழகு பெறுகிறது. வழக்கத்திற்கு அயலான உறவுக்கும் வாழ்வில் இத்தகைய இடம் உண்டா என்பதே தலைப்பு எழுப்பும் எதிர்பார்ப்பு. முடிவோ அந்த அயற்சுரத்தை நீக்கிவிட்டுப் பாடுகிறது.

இதனால் படத்தின் மதிப்பு குன்றிவிடவில்லை. காதலுக்குரிய பெண் என்றாலே இளம்பெண் என்றிருந்த திரையில், தொழிலும் புகழும் கடந்தகாலமும் உடைய ஒரு தாயைக் காதலுக்குரியவளாக நிறுத்தியதே பெருஞ்செயல். பைரவி இரக்கத்திற்குரியவளாகவோ ஏளனத்திற்குரியவளாகவோ காட்டப்படவில்லை. தன் வாழ்வைத் தானே எண்ணிப் பார்க்கும் ஒருத்தியாகவே இருக்கிறாள். ஆனால், அவள் எண்ணி முடிவு செய்யுமுன் விடுகதை குறுக்கிட்டு அவளுக்காக முடிவு செய்துவிடுகிறது. இப்படத்தைப் பயிலும் மாணவர், “யார் யாருக்கு என்ன முறை?” என்னும் புதிரை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, “பைரவி என்ன விடை கூறியிருப்பாள்?” எனக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். படம் சொல்லாது விட்ட பகுதி அங்கேதான் தொடங்குகிறது.