பரங்கிப்பேட்டை இரும்பு

வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில், கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியிலிருந்து விலகிய ஜோசையா மார்ஷல் ஹீத் 1830இல் இரும்பாலை தொடங்கினார். இந்தியாவில் ஐரோப்பிய முறை ஊதுலைகள் எரிந்த முன்னோடி ஆலைகளில் இதுவும் ஒன்று. சேலத்து மலைகளின் காந்தக்கல் தாது உள்நாட்டிலிருந்து இங்கு வந்து சேர்ந்தது. உலைகளுக்கு எரிபொருள் மரக்கரி. நிலக்கரியிலிருந்து இரும்புக்குள் இறங்கும் கந்தகம் மரக்கரியில் அநேகமாக இல்லை, தாதுவும் வளமானது. வார்ப்பிரும்பின் உயர்ந்த தரத்துக்கு இவையே காரணம். எஃகுக்குப் பேர்போன ஷெஃபீல்டுக்கும் அது கப்பலேறியது. மாங்கனீசு சேர்த்து எஃகை மேம்படுத்தும் முறைக்கு ஹீத் 1839இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார்.

தரம் மட்டும் ஆலையைக் காக்கவில்லை. காடுகள் அருகி, கரிச் செலவு ஏறியது; 1860களில் உலைகள் அணைந்தன. ஆலை மறைந்தாலும், முஸ்லிம் வணிகர்களான மரைக்காயர்களின் மரபும் மீனவர் குடியிருப்புகளும் இன்றும் ஊரின் அடையாளங்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் இங்கேயே இயங்குகிறது.